சாலைக்குச் சங்கம் காசு கேட்டால் கொடுக்க வேண்டுமா?

சென்னையில் மாதவரத்தைத் தாண்டி புழல், செங்குன்றம், சோழவரம் என்று வடக்கே போனால் ஊருக்கு ஊர் ஒரு பலகை நிற்கும். நகரின் பெயர், கீழே குடியிருப்போர் நலச் சங்கம், அதற்கும் கீழே பதிவு எண். அந்த நகரில் மனை வாங்கியவர் வீடு கட்டத் தொடங்கி முதல் லோடு எம்சாண்ட் இறங்கும் அன்று, சங்கத்துக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். "ரோடு நாங்க போட்டது, வளர்ச்சி நிதி கட்டிட்டு வேலையை ஆரம்பிங்க." மணலியிலிருந்து பொன்னேரி போகும் பக்கம் இன்னொரு வகை. கன்டெய்னர் யார்டுக்குக் குறுக்கு வழியில் வரும் லாரியை ஊர் முனையில் கயிறு கட்டி நிறுத்தி, வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். இது வரியா, கட்டணமா, நன்கொடையா? கொடுக்க மறுத்தால் என்ன ஆகும்? சங்கத்துக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறதா?

சங்கம் தன் உறுப்பினரிடம் சந்தா கேட்கலாம். யாரிடமும் நன்கொடை கேட்கலாம். பொதுச் சாலையில் போவதற்கென்று யாரிடமும் எதையும் கட்டாயமாக வாங்க முடியாது. ஆனால் 'பொதுச் சாலை' எது என்பதில்தான் வடசென்னையின் பாதித் தகராறு இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

'பஞ்சாயத்து' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு அமைப்புகள்

"பஞ்சாயத்துல முடிவு பண்ணிட்டாங்க" என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? இந்தக் குழப்பம் தீராமல் மேலே போக முடியாது.

1. குடியிருப்போர் நலச் சங்கம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு தருவது ஒரு பெயர், ஒரு வங்கிக் கணக்கு, வழக்குப் போடும் தகுதி, ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் கடமை. துணைவிதிகள் உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசு அலுவலகத்தில் பதிவானதால் அரசின் அதிகாரம் கொஞ்சம் கைக்கு வந்துவிட்டது என்று பல நிர்வாகிகள் உண்மையாகவே நம்புகிறார்கள். அப்படி எதுவும் வருவதில்லை.

2. ஊர் நிர்வாகம். எண்ணூர், திருவொற்றியூர் கடலோரக் குப்பங்களில் பல தலைமுறையாக இருப்பது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வரி வைத்து, கோயில் திருவிழா, கரைத் தகராறு, நிவாரணப் பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் நடத்துவது. ஊருக்குள் அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு, அந்த மதிப்பு நியாயமாகச் சம்பாதித்தது. ஆனாலும் 'ஊர் வரி' என்ற பெயரில் இருப்பது சட்டத்தின் பார்வையில் ஊரார் தமக்குள் ஒப்புக்கொண்ட பங்களிப்பு. வெளியாளிடம் அது செல்லாது.

3. அடுக்குமாடி உரிமையாளர் சங்கம். இது வேறு சாதி. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, பொதுச் செலவில் ஒவ்வொரு உரிமையாளரும் தன் பங்கைத் தந்தாக வேண்டும் என்கிறது. படிக்கட்டும் லிஃப்ட்டும் உள்பாதையும் அவர்கள் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் இது பொருந்துகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் மனைப்பிரிவுச் சங்கங்களும் "மெயின்டெனன்ஸ் கட்டாயம்" என்கின்றன. தனி மனைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

4. கிராம ஊராட்சி. இது சங்கமே அல்ல, அரசின் ஓர் அடுக்கு. விளாங்காடுபாக்கம், கிராண்ட்லைன், அத்திப்பட்டு போன்ற ஊர்களில் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி இயங்குவது. வீட்டு வரி, தொழில் வரி விதிக்கும் அதிகாரம் இதற்குத்தான் உண்டு. மாதவரம், மணலி, புழல், எடையஞ்சாவடி, சடையங்குப்பம் முதலிய ஊர்களில் இப்போது ஊராட்சி கிடையாது. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது இவையும் சேர்ந்தன. அங்கே சாலை மாநகராட்சியின் பொறுப்பு. பேச்சுவழக்கில் இன்னும் 'பஞ்சாயத்து ரோடு' என்றுதான் சொல்கிறார்கள், அதனாலேயே தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

வரி, கட்டணம், சந்தா, நன்கொடை

அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு ஒரே வரி: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. அரசுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"நாங்க வாங்குறது வரி இல்லீங்க, சேவைக் கட்டணம்" என்று பதில் வரும். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் விளக்கியது 1954-இல், சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில். பொதுச் செலவுக்காகக் கட்டாயமாக எடுப்பது வரி. குறிப்பிட்ட ஒருவருக்குச் செய்யும் குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம். ஆனால் கட்டணத்தைக் கட்டாயமாக்கவும் சட்டம் வேண்டும். பெயரை மாற்றுவதால் அதிகாரம் பிறக்காது.

சந்தா என்பது உறுப்பினராகச் சேரும்போது நாமே ஒப்புக்கொண்டது. நன்கொடை என்பது இல்லை என்று சொல்லும் உரிமையோடு கேட்கப்படுவது. கயிறு கட்டிக் கேட்பது நன்கொடை ஆகாது, ரசீதில் நன்கொடை என்று அச்சடித்திருந்தாலும்.

இந்தச் சண்டை வடசென்னைக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருப்பர் நகரை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி மதில் எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தச் செலவைக் குடியிருப்போர் தலையில் வைக்க ஒரு சுவர் வரி யோசித்தது. அந்த வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக நின்றுவிட்டது.

தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே மெட்ரோ நிலையத்துக்கே பெயர் தந்திருக்கும் 'டோல்கேட்' இன்னும் முக்கியமான சாட்சி. ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் சாலை முனையில் நின்று வண்டிகளிடம் சுங்கம் வாங்கின. 1931-இல் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சுங்கங்களுக்கு முடிவு கட்டியது. வழியெங்கும் நிறுத்தி வாங்குவதற்குப் பதில் வண்டிக்கு ஒரே வரி, அதிலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை என்பதுதான் அன்றைய ஏற்பாடு. இன்று அதன் இடத்தில் 1974-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. அதாவது, ஊருக்கு ஊர் வண்டியை மறித்துக் காசு வாங்கும் முறையை அரசே தெரிந்து விலக்கி வைத்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஊராட்சிக்குக்கூட இன்று சந்தை, வண்டி நிறுத்துமிடம் போன்று தான் அமைத்துத் தரும் இடங்களுக்குக் கட்டணம் வாங்கத்தான் உரிமை. நல்லூரிலும் சூரப்பட்டிலும் நாம் கட்டும் சுங்கம், தேசிய நெடுஞ்சாலைக்கென்று 2008-இல் வந்த கட்டண விதிகளின் கீழ் வாங்குவது. அந்தச் சாவடிகளைப் பற்றியே ஆயிரம் சண்டை இருக்கிறது, ஆனால் அவற்றின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

அந்தச் சாலை யாருடையது?

எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

*அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு.* சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி தரும்போது, சாலைக்கு விட்ட நிலத்தை மனை போடுபவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவான அன்றே அது பொதுச் சாலை. அதன் மேல் சங்கம் தன் காசில் ஜல்லி கொட்டியிருக்கலாம், தார் போட்டிருக்கலாம். போட்டதால் சாலை சங்கத்துடையது ஆகாது.

*அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு.* செங்குன்றம், மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் வயலையும் தோப்பையும் துண்டு போட்டு விற்ற மனைகள் நிறைய. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, 2017-இல் அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒப்புதல் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில் பலர் தங்கள் மனைக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். ஆனால் மனைக்கு ஒப்புதல் கிடைத்தது வேறு, சாலை உள்ளாட்சியின் கைக்குப் போனது வேறு. போகாத இடங்களில் 'சாலை' இன்னும் பழைய நிலக்காரர் பெயரில் பட்டாவாகவே இருக்கும்.

அப்படியானால் அவர் மறிக்கலாமா? முடியாது. உங்கள் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையைப் பாருங்கள். "20 அடி ரோட்டுக்குக் கிழக்கு" என்று எழுதி விற்றவர், பிறகு அங்கே ரோடே இல்லை என்று சொல்ல முடியாது. பாதை உரிமை மனையோடு வந்துவிட்டது. சங்கத்துக்கோ அந்த நிலத்தில் ஒரு அடிகூடக் கிடையாது. நிலக்காரருக்கே இல்லாத மறிக்கும் உரிமை சங்கத்துக்கு எங்கிருந்து வரும்?

*புறம்போக்குப் பாதை.* வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதை என்று இருந்தால் அது அரசு நிலம். லாரிகள் நுழையும் கிராமப் பாதைகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

*உண்மையிலேயே தனியார் பாதை.* பத்திரத்தில் சங்கத்தின் பெயரிலோ மனைக்காரர்கள் கூட்டாகவோ பாதையை எழுதி வாங்கியிருந்தால் கதை மாறுகிறது. இங்கே சங்கம் நிபந்தனை போடலாம், வெளி லாரியை வராதே என்றும் சொல்லலாம். இது அரிது. ஆனால் இருக்கிறது, அதனால் சண்டைக்குப் போகுமுன் காகிதத்தைப் பார்ப்பது நல்லது.

எதைப் பார்ப்பது? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்வது) புல வரைபடமும் (நிலத்தின் அளவைப் படம்). சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல். இவை கிடைக்காவிட்டால், "இந்தச் சாலை ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா, தானப் பத்திர எண் என்ன" என்ற இரண்டே கேள்வியோடு தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். என் அனுபவத்தில் நூறு வாக்குவாதம் தீர்க்காததை இந்த ஒரு பதில் தீர்த்திருக்கிறது.

சங்கத்தின் பக்கம் உள்ள நியாயம்

சட்டம் இல்லை என்பதால் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் காசு பறிப்பவர்கள் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். அவர்கள் எரிச்சலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சாலையின் தேய்மானம் வண்டியின் எடையோடு நேராக ஏறுவதில்லை. அச்சு ஒன்றின் மேல் விழும் சுமை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சாலை போட்டு லாரி ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த 'நான்காம் அடுக்கு விதி' இது. நம் ஊரில் சாலை வடிவமைப்புக்கு அளவுகோலாக எடுப்பது 8.16 டன் அச்சு. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சில் ஏற்றலாம் என்று 2018-இல் மத்திய அரசு உயர்த்திய அளவு 11.5 டன். விதியைப் போட்டுப் பாருங்கள், சேதம் கிட்டத்தட்ட 4 மடங்கு. இது சட்டப்படி ஏற்றிய லாரியின் கணக்கு, அளவுக்கு மேல் ஏற்றியதன் கணக்கு அல்ல. அதே சாலையில் ஒரு காரின் அச்சு 800 கிலோ என்றால், அந்த அளவுகோல் அச்சு ஒரே முறை செய்யும் சேதத்தைச் செய்ய அது சுமார் 10,000 முறை போக வேண்டும்.

எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும், மணலித் தொழிற்சாலைகளும், அனல் மின் நிலையமும், சுற்றிலும் முளைத்த கிடங்குகளும் இந்த எடையைத்தான் அனுப்புகின்றன. டிராக்டருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் போட்ட மெல்லிய தார்ச்சாலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. லாரிக்காரர் வரி கட்டவில்லையா? கட்டுகிறார். வாகன வரி, டீசல் வரி, சுங்கம் எல்லாம் கட்டுகிறார். அது மாநிலத்துக்கும் மத்திக்கும் போகிறது. எந்த ஊரின் எந்தத் தெரு உடைந்தது என்று பார்த்து அந்தப் பணம் திரும்பி வருவதில்லை. 1931-இல் சுங்கத்தை விட்டுக்கொடுத்த உள்ளாட்சிக்கு ஈடு என்று ஒன்று இருந்ததை நினைத்துப் பார்த்தால், இன்றைய ஊராரின் கோபத்துக்கு வரலாற்று நியாயமும் இருக்கிறது.

கேட்க ஆள் இல்லாததும் ஒரு காரணம். திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிய இடத்தில், பல ஊராட்சிகளைப் பார்க்கும் ஓர் அதிகாரியைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடத்தில் சங்கம் வந்து நிற்பது இயல்பு.

யாரிடம் கேட்டால் என்ன ஆகும்?

1. உறுப்பினரிடம்: பொதுக்குழுவில் முறையாகத் தீர்மானித்த தொகை என்றால் கேட்கலாம். தராதவரை விதிப்படி உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கலாம், பாக்கிக்குச் சிவில் வழக்குப் போடலாம். அவர் வீட்டுக்குப் போகும் தண்ணீர் லாரியை மறிக்க முடியாது.

2. உறுப்பினர் அல்லாத மனைக்காரரிடம்: சங்கத்தில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சங்கத்துக்கு இங்கே ஒரே ஒரு பிடி உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவருக்காகச் செய்த வேலையின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது. அவர் வீட்டு முன் மண் கொட்டிச் சமன் செய்தது அவருக்காகவும்தான் என்று காட்ட முடிந்தால் வாதிடலாம். பொதுச் சாலையில் அது கடினம், காரணம் அந்த வேலை குறிப்பிட்டு யாருக்காகவும் செய்ததல்ல. எப்படியும் முடிவு சொல்வது நீதிமன்றம்.

3. கைமாறி வந்த மனைக்காரரிடம்: முதலில் வாங்கியவர் "பராமரிப்புக்குப் பணம் தருவேன்" என்று எழுதிக் கொடுத்திருப்பார். அவரிடமிருந்து வாங்கியவருக்கு அது ஒட்டுமா? பொதுவாக ஒட்டாது. நிலத்தை இப்படிப் பயன்படுத்தாதே என்ற தடை நிலத்தோடு போகலாம், பணம் கட்டும் கடமை எழுதிக் கொடுத்தவரோடு நிற்கும். இந்த விதியை நிலைநாட்டிய 1885-ஆம் ஆண்டின் ஆங்கிலேய வழக்கான ஆஸ்டர்பெரி வழக்கும் ஒரு சாலைப் பராமரிப்புத் தகராறுதான். இங்கே சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவும் அந்தப் போக்கிலேயே இருக்கிறது.

4. லாரிக்காரரிடம்: இதில்தான் ஆபத்து அதிகம். போக உரிமையுள்ள வழியில் ஒருவரைத் தடுப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதையின் 126-ஆவது பிரிவில் குற்றம். பயமுறுத்திப் பணம் வாங்கினால் 308-ஆவது பிரிவு, அதாவது மிரட்டிப் பறித்தல். ரசீது கொடுத்தது காப்பாற்றாது. கையெழுத்துப் போட்ட பொருளாளர், கயிறு பிடித்த பையன் இருவருமே மாட்டுவார்கள். ஊர் நன்மைக்காக நின்ற இளைஞர்கள் மேல் வழக்கு விழுவதுதான் இந்த விஷயத்தில் மிகவும் வேதனை தருவது.

லாரியையும் நிறுத்தி, சாலையையும் போட

லாரிதான் பிரச்சினை என்றால் கேட்க வேண்டியது காசு அல்ல, தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, சாலையின் தன்மை தாங்காது என்றால் குறிப்பிட்ட வகை வண்டிகளை அந்தச் சாலையில் அரசோ அது அதிகாரம் தந்த அலுவலரோ தடை செய்யலாம், நேரம் குறிக்கலாம். இதை மாவட்ட ஆட்சியரிடம் கேட்கும் மனுவில் சாலையின் பெயர், அகலம், ஒரு நாளில் போகும் லாரிகளின் எண்ணிக்கை, வழியில் உள்ள பள்ளி, மாற்று வழி ஆகியவற்றை எழுத வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து லாரி எண்ணிய நோட்டுப் புத்தகம் கயிற்றைவிட வலுவானது. அளவுக்கு மேல் சுமை ஏற்றினால் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதை எடை போட்டுப் பிடிக்க வேண்டியது போக்குவரத்துத் துறை, அங்கும் ஒரு மனு.

பணம் திரட்டித்தான் சாலை போட வேண்டும் என்றால், அதற்கும் நேர்வழி இருக்கிறது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். ஊரகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். சங்கம் இன்று ரசீதுப் புத்தகத்தில் வாங்கும் அதே பணம், அங்கே மூன்று மடங்கு வேலையாகும். சாலையும் உள்ளாட்சிப் பதிவேட்டில் ஏறும், அடுத்த முறை பழுதுபார்க்க உள்ளாட்சியே பொறுப்பு.

ஊராட்சி என்றால் இதற்குக் கிராம சபைத் தீர்மானம் பெரிய பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலும் சபை என்பது ஊரின் வாக்காளர்கள்தான். மாநகராட்சிப் பகுதியில் வார்டுக்குள் பகுதி சபை இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒன்று. உறுப்பினர் என்றால் கணக்கைப் பார்க்கக் கேளுங்கள். சங்கம் ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும், அதன் நகலை அங்கே வாங்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து கேட்டால் பதிவாளர் விசாரணையே நடத்த முடியும். சாலைக்கென்று வாங்கிய தொகை மீதம் இருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கயிறு கட்டுவதற்குப் பதில், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போய் அந்தத் தெருவுக்கு ஒரு மதிப்பீடு போட்டுத் தரக் கேட்பது சங்கத்தால் நாளைக்கே செய்ய முடிந்த வேலை.